கப்பல் எப்படி ஆற்றில் இறங்கும்?

டெட்ஃபோர்ட், லண்டன்
9.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகா எழுதுவது. போனில் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். புது ஆஸ்பத்திரி வேலைக்காகத் தேம்ஸ் ஆற்றங்கரையில் டெட்ஃபோர்ட் என்ற பகுதிக்குக் குடிவந்திருக்கிறோம். ஐந்நூறு வருஷத்துக்கு முன் எட்டாம் ஹென்றி ராஜா தன் கடற்படைக்குக் கப்பல் கட்ட இங்கேதான் துறை அமைத்தாராம். கடலோ எங்கேயோ இருக்கிறது! ஆயுசு முழுக்க பாய்லர் கட்டிய உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஜூட்டும் உங்களை விசாரித்தார்.

அன்பு மகள்,
மகாலட்சுமி

ஸ்ரீரங்கம்
26.2.2024

அன்பு மகளுக்கு,

நலம். நமக்கு இரண்டு பக்கமும் ஆறு. ஆனால் நான் பார்த்ததெல்லாம் பரிசல்தான். ஆற்றோரச் சரிவில் கப்பல் கட்டினால் பாதி வேலையிலேயே வழுக்கிவிடாதா? முடிந்தபின் அவ்வளவு கனத்தை எது நகர்த்தும்? மிதக்க ஆற்றுத் தண்ணீர் போதுமா? விசாரித்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
ராசப்பன்

டெட்ஃபோர்ட்
17.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜூட் இரண்டு முறை படித்தார். “உங்கப்பா சரியான இடத்துலதான் கேக்கறாரு” என்று சொல்லி, லீவு நாளில் போய் விசாரித்து வந்தார். கட்டும்வரை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்களாம். பிறகு சரிவுப் பலகையில் கொழுப்பைத் தடவி, முட்டுகளை எடுத்துவிட்டால் தன் கனத்திலேயே இறங்குமாம். கடல் பொங்கும்போது இந்த ஆறு எதிர்த்திசையில் ஏறி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் இறக்குவார்கள்.

அப்பா, எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் சர்ச்சுக்கு வரவில்லை. மூன்று வருஷமாகப் போனிலும் சரி, கடிதத்திலும் சரி, ஒருமுறைகூட ஜூட் பெயரைச் சொன்னதில்லை. இனி உங்கள் கேள்விகளை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். அவரிடமே கேளுங்கள்.

மகா

ஸ்ரீரங்கம்
21.4.2024

அன்புள்ள மாப்பிள்ளை ஜூட் அவர்களுக்கு,

ராசப்பன் எழுதுவது. நீங்கள் விசாரித்துச் சொன்னதை மகா எழுதியிருந்தாள். கொல்லையில் பலகையைச் சாய்த்து, சோப்புத் தடவி, செங்கல்லை விட்டுப் பார்த்தேன். வழுக்கிப் போய் எதிர்ச் சுவரில் மோதி இரண்டாக உடைந்தது. பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து, “என்ன சார், வீடு கட்றீங்களா?” என்று கேட்டார். கப்பல் என்றேன். உடைந்த செங்கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று முதல் ஒரே சந்தேகம். கப்பல் அந்த வேகத்தில் இறங்கினால் மறுகரையில் மோதாதா? நிறுத்த என்ன செய்தார்கள்? மகாவிடம் சொல்லி எழுத வேண்டாம். நீங்களே எழுதுங்கள். கேட்டுச் சொல்வதைவிட அந்த இடத்தை நேரில் பார்ப்பதுதான் சரி என்றும் தோன்றுகிறது. நான் வந்தால் உங்களுக்குச் சௌகரியப்படுமா?

உங்கள் மாமா,
ராசப்பன்