கருநீலக் கால்சட்டையும் ஆடாத விளக்கும்

மார்ச் 3, செவ்வாய்
பால் வாங்கி வரும்போது தெருமுனைத் தையல்காரம்மா நம் வீட்டிலிருந்து இறங்கிப் போனார். மனைவிதான் வரச் சொல்லியிருக்கிறாள். பதினான்காம் தேதி தையல் மெஷினை எடுத்துப்போகலாமாம். சும்மா கொடுக்கிறாள்.

எல்லாம் அந்தக் கருநீலக் கால்சட்டையால். அதன் ஓரத்தைக் கறுப்பு நூலால் தைத்துவிட்டாள். எனக்குத் தெரியவே இல்லை. மகள் பார்த்துச் சிரித்தாள், விளையாட்டாகத்தான். அன்றே ஊசிப்பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விட்டது.

அவள் கண்ணைப் பார்த்த டாக்டர் தைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல, ஆடாத வெளிச்சம் வேண்டும் என்றார். நம் வீட்டு மின்சாரமா ஆடாமல் இருக்கும்?

மார்ச் 5, வியாழன்
மெஷினுக்கு நானே ஒரு எல்இடி விளக்கு செய்யப் பார்த்தேன். எல்இடிக்கு வெறும் ரெசிஸ்டர் போட்டேன். மாலையில் வோல்டேஜ் ஏறியது. எல்இடி போச்சு.

மார்ச் 8, ஞாயிறு
மாறா மின்னோட்டச் சுற்றுதான் வழி. மூன்று கால் ஐசி ஒன்று, ரெசிஸ்டர் ஒன்று. பள்ளியில் நான் எடுத்த இயற்பியல் வகுப்பாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: தொட்டியில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் குழாயில் ஒரே அளவு வர வேண்டும். அதற்குக் குழாயடியில் ஓர் ஆள் நின்று திருகிக்கொண்டே இருக்கணும். அந்த ஆள்தான் இந்த ஐசி.

பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறியதும் பழைய பள்ளி ஆய்வகம் நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே உதவியாளராக இருந்தவள்தான் என் மனைவி. ஜன்னல் வழியாக மீட்டர்களை எண்ணிக் கொடுப்பாள். என்னிடம் முதலில் பேசியதே, “சார், உங்க பி செக்‌ஷன் பசங்க இந்த வாரம் நாலு பியூஸ் எரிச்சுட்டாங்க” என்பதுதான்.

மார்ச் 12, வியாழன்
எழுதவே கூச்சமாக இருக்கிறது. வோல்ட்மீட்டர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர், அம்மீட்டர் வரிசையில் நிற்பவர் – எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! இன்று ஆம்பியரில் இருந்த மீட்டரை அப்படியே சப்ளைக்குக் குறுக்கே வைத்தேன். பட்டென்று ஒரு சத்தம். மீட்டருக்குள் இருந்த பியூஸ் போய், ஊசி செத்துவிட்டது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன சார், நீங்களும் பி செக்‌ஷனா?”

“பியூஸ் கடையில வாங்கிக்கலாம்” என்றேன்.

“எதுக்கு? பொத்தானோட கிடக்கும்.”

நாற்காலி போட்டு ஏறி அந்த ஊசிப்பெட்டியை அவளே இறக்கினாள். பொத்தான்களுக்கு நடுவே ஆய்வகத்துப் பியூஸ் மூன்று. விரலால் துழாவியே எடுத்துவிட்டாள். பெட்டி திரும்ப மேலே போகவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 13, வெள்ளி
முந்நூறு மில்லிஆம்பியர். ஃபிரிட்ஜ் ஓடினாலும் நின்றாலும் ஊசி அசையவில்லை. விளக்கை மெஷின் தலையில் மாட்டினேன். பார்த்தாள். சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். நாளைக்குத் தையல்காரம்மா வருவார் – என்ன செய்யப்போகிறாளோ.

மார்ச் 14, சனி
காலையில் மெஷின் சத்தம் கேட்டு எழுந்தேன்.

பத்து மணிக்குத் தையல்காரம்மா வந்தார். இவள் டீ கொடுத்தாள், முட்டிவலி பற்றிப் பேசினாள், வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். மெஷின் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. விளக்கடியில் பிரித்த கறுப்பு நூல் சுருண்டு கிடந்தது.

கருநீலக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு பியூஸ் வாங்கி வந்து பொத்தான்களோடு போட்டுவைத்தேன்.