பச்சை முகத்தை அழுத்திவிட்டு

மார்ச் 4, செவ்வாய்

வேலைக்கு வந்ததும் எங்கள் செயலியில் எங்கள் மனநிலையை நாங்களே பதிய வேண்டும். அலுவலக விதி. மனம் சரியில்லாதவர்களுக்கான செயலி. செய்கிறவர்களே தொடாவிட்டால் எப்படி என்பது மேலாளரின் வாதம். எல்லோரும் 'நன்றாக இருக்கிறேன்' என்கிற பச்சை முகத்தை அழுத்திவிட்டு டீக்குப் போகிறோம். நான் திரையைக்கூடப் பார்ப்பதில்லை.

ஒழுங்காகப் பதிகிற ஒரே ஆள் செயலியில் பிழை தேடும் எங்கள் டெஸ்டர், எதையும் வெட்டிப் போடுவதால் நாங்கள் கத்தரி அக்கா என்று கூப்பிடுகிறவர். சோதனைக்காகத் தினம் ஒரு வேஷம்.

"இன்னிக்கு யாருக்கா?"

"பரீட்சையில கோட்டை விட்ட பையன். நேத்து மாமியார். அடுத்த வாரம் உன்னை மாதிரி ஒரு சிடுமூஞ்சி."

நான் மாரடித்து எழுதிய நிரலை டீ ஆறுவதற்குள் உடைத்துவிடுவார். எரிச்சலாக வரும். ஆனால் அவர் பார்க்காத எதையும் வெளியே விட எனக்குத் தைரியம் கிடையாது.

மார்ச் 6

அம்மா போன். "எப்படிடா இருக்க?" "நல்லாருக்கேம்மா, மீட்டிங்." மீட்டிங் எதுவும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

புது வடிகட்டி முடிந்தது. சிவப்பு முகத்தை அழுத்தினால் ஆலோசகருக்குத் தகவல் போகும், அவர் கூப்பிடுவார். கதை விடுகிறவர்களால் அவர் நேரம் வீணாகிறது. ஆகவே முன்பு கதை விட்டவர்களின் பதிவை வடிகட்டி ஓரங்கட்டிவிடும். இப்போதைக்கு எங்கள் போன்களில் மட்டும். அடுத்த திங்கள் எல்லோருக்கும். நான் எழுதியது. சுத்தமாக வந்திருக்கிறது.

"இன்னிக்கு யாருக்கா?"

"யாருமில்ல. வேலையைப் பாரு."

என்ன கோபமோ!

மார்ச் 14, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது?

வெளியீட்டுக்கு ஒப்புதல் தரும் கூட்டம். எல்லோரும் தலையாட்டினோம். கத்தரி அக்கா மட்டும், "நான் ஓகே சொல்லமாட்டேன் சார்" என்றார். தன் போனைப் பெரிய திரையில் இணைத்தார். திங்கட்கிழமைப் பதிவு. சிவப்பு முகம். கீழே: 'விடியவே வேண்டாம்னு இருக்கு. யாராவது பேசுங்க.'

அதற்குச் செயலி சொன்ன பதில்: 'அருமை! தவறாமல் பதிந்ததற்கு ஒரு நட்சத்திரம்!'

மேலாளர் சிரித்தே விட்டார். "நீங்க தினமும் கதை விடுறவங்கதானே. டெஸ்ட்டுன்னு ஓரங்கட்டியிருக்கு. வடிகட்டி கரெக்டாதான் வேலை செய்யுது."

"டெஸ்ட் இல்ல சார். அது நான்."



பிழை அறிக்கை வாசிக்கிற அதே குரலில் சொன்னார்: "செய்தது — உண்மையை எழுதினேன். எதிர்பார்த்தது — ஒரு மனுஷக் குரல். கிடைச்சது — நட்சத்திரம். எனக்குப் போக ஒரு தங்கச்சி வீடு இருந்துச்சு, போயிட்டேன். டாக்டரையும் பார்த்தாச்சு. வர்ற திங்கக்கிழமை இதை நம்பி எழுதுறவனுக்கு யாரு இருக்கா? நேத்து விளையாடினவன் இன்னிக்கு நிஜமாவே அழக்கூடாதா?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15

என்ன பொம்பளைடா! தன் வாழ்க்கையின் மோசமான நாளைச் சுவரளவு பெரிதாக்கி, நாளை முதுகுக்குப் பின்னால் பேசப்போகிற எல்லோர் முன்னாலும் காட்டினார். முன்பின் தெரியாத எவனுக்காகவோ. நானாக இருந்தால்? போனை அணைத்துவிட்டுப் பச்சை முகத்தை அழுத்தியிருப்பேன். சத்தியமாக.

மார்ச் 17, திங்கள்

வெளியீடு இல்லை. மேலாளர் உர்ரென்று இருக்கிறார். வடிகட்டியை நானே அழித்தேன். இனி எந்தச் சிவப்பு முகத்துக்கும் ஒரு மனுஷக் குரல் பேசும், எங்கள் போன்களுக்கும்தான். இன்னொரு ஆலோசகரை வேலைக்கு எடுக்கிறார்கள்.

ஏப்ரல் 2

அக்கா விடுப்பில். என் வேலையில் ஒரு பிழைகூட வரவில்லை என்கிறார்கள். நம்புவதாக இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அக்கா வந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், வாய் இளைக்கவில்லை. வந்ததும், "டேய் சிடுமூஞ்சி, சிவப்பை அழுத்து. போன் வருதான்னு பார்க்கணும்" என்றார்.

அழுத்தினேன். டீ வாங்கப் படியிறங்கும்போதே போன் அடித்தது. புது ஆலோசகர். வயதான குரல்.

"டெஸ்ட்டுங்க" என்றேன்.

"சரிப்பா. இருந்தாலும் கேக்கறேன். எப்படி இருக்கீங்க?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேசி முடித்து, டீ வாங்காமல் திரும்பினேன். அக்கா தன் டீயில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். மீட்டிங் என்று சொல்லவில்லை.