ரேடியோ மோட்டார்

என்னங்க,

சோறும் நெத்திலிச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் தூங்கும்போதே ஆபீசுக்குக் கிளம்புகிறேன், போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டுப் புனிதா அக்காவிடம் கொடுங்கள்.

எனக்குத் தெரியாமல் கழற்றிய மோட்டாரை என் கேசட் ரேடியோவில் திரும்ப மாட்டிவிட்டீர்கள் என்பது காலையில் கேசட் போட்டுப் பாட்டு வந்தபோதுதான் தெரிந்தது. அதற்கு முன் அந்த மோட்டாரை வைத்து நீங்கள் செய்த, பேனா பிடித்து எழுதும் மெஷினை "சாரி ராணி" என்று எழுத வைத்திருக்கிறீர்கள். எழுத்து உங்களுடையதைவிட அழகு. ஆனால் கழற்றியது நீங்கள், சாரி சொல்வது மெஷினா?

மோட்டார் இல்லாமல் இன்று உங்கள் காலேஜ் கண்காட்சியில் மெஷின் எப்படி எழுதும்? ரேடியோ மேசைமேல் இருக்கிறது, மறுபடி கழற்றிக்கொள்ளுங்கள். "கேட்டா நீ குடுக்க மாட்டே லா" என்று நேற்றுக் கத்தினீர்களே, கேட்காமலே தருகிறேன்.

ராணி

பி.கு.: ஆபீசில் அரைநாள் லீவு சொல்லிவிட்டேன், கண்காட்சிக்கு வருகிறேன். சாரியை அங்கே வாயால் சொல்லுங்கள், உங்கள் கூட்டாளிகளுக்குக் கேட்காமல்.