ஓய்வெடுக்கத் தெரியாதவன்

மார்ச் 4, செவ்வாய்

மருமகளிடம் எழுத்துப் படித்த பிறகு நானே எழுதும் முதல் நாள். தேதியை எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும். எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே புரிகிறது!

மகன் பிழைக்க வந்த இந்த நாட்டில் ஐந்து மணிக்கு அலுவலகங்கள் காலி. எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் கதவில் தாள் ஒட்டிவிட்டு மூன்று வாரம் கடற்கரைக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர் தெய்வம் என்போம் நாம். இங்கே தெய்வத்தை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

மகன் மட்டும் எட்டு மணிக்கு வருகிறான்.

"வேலை முடியலையாடா?"

"அது நாலு மணிக்கே முடிஞ்சிருச்சுப்பா. எங்க குழுவுக்குத் தலைமைப் பதவி காலியா இருக்கு. நான் கடைசியா கிளம்புறது மேலாளருக்குத் தெரியணும்ல?"

"அவருதான் அஞ்சு மணிக்கே போயிடுறாரே!"

"விளக்கு எரியிறது ரோட்டுல இருந்தே தெரியும்."

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு மெக்கானிக் மிதிவண்டியில் மலை ஏறி, முட்டி சிராய்த்து, நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார். ஓய்வெடுத்தாராம். நம் ஊரில் அதற்குக் கூலி கொடுப்பார்கள்.

என் மகனுக்கோ குளியலறைக்குள்ளும் கைபேசியில் அலுவலக வேலை. மருமகள் சொல்கிறாள்: "பதவி வந்துட்டா சீக்கிரம் வீட்டுக்கு வருவாராம் மாமா. எனக்கே காது குத்துறார்."

மார்ச் 21, வெள்ளி

போச்சு. பதவி, அதே அலுவலகத்தில் வாராவாரம் மீன் பிடிக்கப் போகிற இன்னொருத்தனுக்கு.

மேலாளர் அன்பாகத்தான் சொன்னாராம்: "உங்க வேலையே நேரத்துக்குள்ள முடியலையே, பத்துப் பேரை எப்படிப் பாத்துப்பீங்க? உதவிக்கு ஆள் போடட்டுமா?" — அடப்பாவி! நாலு மணிக்கே முடிச்சவன்டா என் புள்ள! யாருகிட்டப் போய்ச் சொல்றது?

சேர்ந்துபோன விடுப்பை மகன் உடனே எடுக்க வேண்டுமாம். உத்தரவு. நம் ஊரில் லீவு வாங்கத் தாத்தாவைச் சாகடிப்பார்கள். இங்கே லீவு கொடுத்தே ஆளைச் சாகடிக்கிறார்கள்.

மார்ச் 24, திங்கள்

மகன் காலையிலிருந்து மூன்று முறை அலமாரியை அடுக்கினான். மெக்கானிக் பரிதாபப்பட்டுத் தன் பழைய மிதிவண்டியைக் கொடுத்தார். 'பரிதாபப்பட்டு' — ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதிவிட்டேன்!

ஏப்ரல் 3, வியாழன்

விடியுமுன் மகன் மிதிவண்டியோடு கிளம்பிவிட்டான். மெக்கானிக் எழுந்திருப்பதற்குள் மலையை இரண்டு தடவை ஏறி இறங்கிவிட வேண்டுமாம்.

மருமகள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"காப்பி நமக்கு மட்டும் போடவா மாமா?"