எவர்சில்வர் கைப்பிடியில் இரும்புத் தூள்

செவ்வாய்க்கிழமை

தூக்கம் வரல. காலையில பட்டறையில ஒரு இரும்பு கேட்டைத் தேய்க்க, கூட வேலை செய்யற மணியோட மெருகு பெல்ட்டை எடுத்தேன். எவர்சில்வருக்குன்னே அவன் தனியா வச்சிருந்தது. சொல்லாம திருப்பி மாட்டிட்டேன். மத்தியானம் அதே பெல்ட்டால புந்தோங் கோயில் படிக்கட்டுக்கான எவர்சில்வர் கைப்பிடியைத் தேய்ச்சு முடிச்சிட்டான். பளபளன்னுதான் இருக்கு. ஆனா இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். நாலு மழை பேஞ்சா துரு பூத்துரும்.

லோரியில ஏத்தும்போதுதான் சொன்னேன்: "டேய் மணி, அந்த பெல்ட்டால நான் இரும்பைத் தேய்ச்சுட்டேன்டா. கைப்பிடியை இறக்கிரு."

"போன வாரம் முதலாளி பட்டறையை மூடப் போறாருன்னு கதை விட்டீங்க. இன்னிக்கு இதுவா? போங்கண்ணே லா!"

எல்லாரும் சிரிச்சாங்க. பாவி, நானும் சேர்ந்து சிரிச்சேன். லோரி போயிருச்சு. துரு வந்தா முதலாளி மணியைத்தான் பிடிப்பாரு.

நாளைக்குச் சிரிக்காம சொல்லணும். இப்ப கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன். பாதியிலயே இளிச்சிட்டேன்.