வாங்க சித்தி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இன்று காராச்சேவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. அப்போது மாதத்தில் இரண்டாவது ஞாயிறுதான், நான் படித்த விடுதியில் பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வரும் நாள். மடியில் காராச்சேவுப் பொட்டலத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாய். நான் ஓடிவந்து, வார்டன் காதில் விழும்படி "வாங்க சித்தி" என்பேன்.

என்னைப் பெற்றவள் நீ. அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தபின், கூலிக்குப் போய்க்கொண்டு என்னையும் பார்த்துக்கொள்ள உன்னால் முடியவில்லை. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைக்குத்தான் விடுதியில் இடம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே எனக்குத் தலை வாரிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாய்:

"உள்ள போனா நான் உன் சித்தி. அம்மான்னு கூப்புட்டீன்னா வெளிய அனுப்பிடுவாங்கடி. கொஞ்ச நாளுதான்."

எனக்கு ஏழு வயது. ஒருநாளும் வாய் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட சித்தி என்றுதான் புலம்பினேனாம். அதில் எனக்குப் பெருமை வேறு.

பிளஸ் டூ முடித்துக் கிளம்பும் நாளில் வார்டனிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே, இங்க பாதிப் புள்ளைங்களுக்கு அம்மா இருக்காங்களே! சொல்லியிருந்தா லீவுக்கு வூட்டுக்கு அனுப்பியிருப்போமே."

அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தில், நீ தந்திருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு விக்கிரமங்கலம் வந்தேன். அங்கே உனக்கு ஒரு புருஷன் இருந்தார், இரண்டு பையன்கள் இருந்தார்கள். வாசலிலேயே முந்திக்கொண்டு அவரிடம் சொன்னாய்: "அக்கா மவ. ஹாஸ்டல்ல படிச்சுதே, அந்தப் புள்ள."

பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்க் கையைப் பிடித்தாய். "அவருக்குத் தெரியாதுடி. சித்தின்னே இரு. கொஞ்ச நாளுதான்."

விடுதிக்காகச் சொன்ன பொய் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தேனே! என்னை ஏமாற்றிவிட்டாய். கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். மறுபடியும் சித்தி என்றேன்.

போன மாதம் உன் பெரியவன் போன் செய்தான். "அக்கா, உங்க சித்தி தவறிட்டாங்க." வந்தேன். பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, "அழுவறதுக்கு ஒரு பொட்டப்புள்ள இல்லாம போயிட்டியே" என்று மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். தள்ளி உட்கார்ந்தேன். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. உன் பையன்கள் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

கோபம் இன்னும் ஆறவில்லை. நான் உன் மகள் என்று இனி யாரிடம் சொன்னாலும், ஆமாம் என்று சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது.