நெட்டையனுக்காக எழுந்து நின்றவருக்கு

அன்புள்ள அண்ணா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முதலாம் வருட ஆட்டைத் திவசம். பத்திரிகைக்கு உங்கள் படத்தையும் நாலு வரிக் கவிதையையும் கொடுக்கச் சொல்லி உங்கள் மனைவி, என் மச்சாள், என்னிடம் விட்டிருக்கிறார். படம் எடுத்து வைத்துவிட்டேன். கவிதைதான் வரவில்லை. "குடும்பத்தின் குலவிளக்கே" என்று தொடங்கினேன். நீங்கள் வாசித்தால் சிரிப்பீர்கள் என்று பட்டது, கிழித்துப் போட்டுவிட்டேன். ஆகவே கடிதமாக எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நெட்டையன் இனி விளையாட மாட்டான்.

உங்களை அறியாதவர்களும் இதைப் பார்க்கக்கூடும், கொஞ்சம் விளக்க வேண்டும். நெட்டையன் என்பது இந்த நகரத்து ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திர வீரனுக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர். ஆறரை அடி உயரம். அவனுடைய உண்மைப் பெயரை உங்கள் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. "நெட்டையன் இண்டைக்கு ரெண்டு கோல் அடிச்சிட்டான்" என்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வது போல.

கனடாவுக்கு வந்த முதல் வருடம் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர் இருந்தீர்கள். யாரோ கழித்துவிட்ட தொலைக்காட்சியில் ஒரு சனல்தான் தெளிவாக வருமாம். சனிக்கிழமை என்றால் அதில் ஹொக்கி. விளையாட்டு விளங்காமலே பார்க்கத் தொடங்கினீர்கள். வர்ணனையாளர் கத்துகிற ஆங்கிலம்தான் உங்களுக்கு முதலில் பிடிபட்ட ஆங்கிலம்.

பிறகு உங்கள் மகள் அபி ஆறு வயதில் தானும் ஹொக்கி விளையாடப் போகிறேன் என்று அடம்பிடித்தாள். பெண்பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.  நீங்கள் அவளை ஐஸ் அரங்குக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பதினொரு குளிர்காலம். அங்கே முழங்காலில் நின்று அவளுடைய சறுக்குச் சப்பாத்துக்கு வார் இறுக்கிக் கட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பீர்கள். ஐஸில் நீங்கள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மற்றப் பெற்றோர் பக் என்கிற அந்தக் கறுப்பு வில்லையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, அப்பா என்னுடைய காலைத்தான் பார்ப்பார் என்று அபி சொல்லுவாள். எந்தக் காலில் பாரம் வைக்கிறாள், எந்தக் காலை இழுக்கிறாள் என்று. கணுக்கால் பிசகினால் அவளுக்கு முன்னமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நெட்டையன் எட்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள் நினைவிருக்கிறதா? அந்தத் தொகையைக் கேட்ட எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் வேலையால் வரும்போது ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் வாங்கி வந்தீர்கள், வீட்டில் ஏதோ விசேஷம் போல. அபியும் நீங்களும் சோபாவில் இருந்து சாப்பிட்டபடி, அடுத்த எட்டு வருடமும் அவன் எப்படி விளையாடுவான் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் குளிர்காலமே அவன் வேறு ஆளாகிவிட்டான். கோல் விழவில்லை. பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் பக்கைப் பறிகொடுத்தான். அவன் தாண்டிப் போன பொடியள் இப்போது அவனைத் தாண்டிப் போனார்கள். வானொலிக்கு அழைத்துப் பேசியவர்கள், காசைக் கண்டதும் கால் கனத்துவிட்டது என்றார்கள். இந்த ஒப்பந்தத்தோடு வேறு எந்த அணியும் இவனை எடுக்காது, எட்டு வருடமும் எங்கள் தலையில்தான் என்றார்கள். என் வேலையிடத்திலும் அதே கதை. றிச்மண்ட் ஹில் கோயிலில் அன்னதானத்துக்கு நின்ற வரிசையிலும் அதே கதை.

நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உவன் இடப்பக்கம் திரும்புறான் இல்லை, பார். திரும்ப வேண்டின இடத்தில பக்கை மற்றவனுக்குக் குடுத்திட்டு விலகிறான். உவனுக்கு எங்கேயோ நோகுது."

"அப்பா, ஹி இஸ் டன்," என்றாள் அபி. "காசு வந்திட்டுது. இனி கெயார் பண்ண மாட்டான்."

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

அபி தன் முதல் சம்பளத்தில் இரண்டு டிக்கெட் எடுத்து உங்களை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாளே, அங்கே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். நெட்டையன் பக்கைத் தொட்ட போதெல்லாம் சனம் ஊளையிட்டதாம். அவளும் இட்டாளாம். கடைசிக் கட்டத்தில் பயிற்சியாளர் அவனை ஐஸை விட்டு வரச் சொல்ல, அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து மாற்று வீரர்களின் வாங்கில் இருந்திருக்கிறான். அப்போது நீங்கள் எழும்பி நின்று கைதட்டினீர்களாம், தனியே. பின்னால் இருந்தவன் கீழே இரு, கீழே இரு என்று சத்தம் போட்டிருக்கிறான். நீங்கள் திரும்பி, உங்களுடைய ஆங்கிலத்தில், அவனுக்கு வலி இருக்கிறது, அவனுடைய காலைப் பார் என்று சொன்னீர்களாம். அபி இதை வெட்கமும் சிரிப்புமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அண்ணா, இனி எழுதப் போவதை எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதே குளிர்காலத்தில்தான் நீங்களும் மாறினீர்கள். தொழிற்சாலையில் பாரம் ஏற்றுகிற வேலையை விட்டு, கதிரையில் இருந்து செய்கிற வேலை கேட்டு வாங்கினீர்கள். மாடியில் கட்டில் இருக்க, கீழே தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்கதிரையிலேயே படுத்தீர்கள். ஹொக்கிப் பைத்தியம், பார்த்தபடியே நித்திரையாகிப் போகிறார் என்று மச்சாள் ஏசுவார். வார் கட்டுகிற சப்பாத்தை விட்டுவிட்டு, செருப்புப் போலச் சொருகுகிற ஒன்றைப் போட்டுத் திரிந்தீர்கள். வயது போகப் போகச் சோம்பல் வருகிறது என்று நாங்கள் மூன்று பெண்களும் உங்களுக்கு முன்னாலேயே பேசினோம்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். காலையில் போனதும் முதல் வேலை அவர்களுடைய கால்களைப் பார்ப்பது. வீங்கியிருந்தால் விரலால் அழுத்திப் பார்த்து, குழி விழுந்தால் தாதிக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக மற்றவர்களின் காலைப் பார்த்துச் சம்பளம் எடுக்கிறவள் நான். என் மணவாழ்க்கை முறிந்து வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கித் தந்தவர் நீங்கள். அந்த வீட்டு வாசலில் தினமும் உங்கள் சப்பாத்தைத் தாண்டித்தான் உள்ளே போனேன். ஏன் மாற்றினீர்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா?

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பகல் நான் இரவும் காலையுமாக இரண்டு முறை வேலையைச் சேர்த்துச் செய்துவிட்டு வந்தேன். வீட்டு முன்னால் பாதிப் பனிதான் வழித்திருந்தது. நீங்கள் பனி வழிக்கிற சவளில் சாய்ந்துகொண்டு நின்றீர்கள். முந்தின வருடம் வரை பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வழித்துக் கொடுத்தவர். மிச்சத்தை அபி வந்து வழிக்கட்டும் என்றீர்கள். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியவில்லை.

"நெட்டையனை மாதிரித்தான் நீங்களும். வீட்டை வாங்கி முடிஞ்சுது, இனி இருந்து காலம் போக்கலாம் எண்டு நினைச்சிட்டியள்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை.

"ஏலாமல் இருக்கு, பிள்ளை," என்றீர்கள்.

சும்மா சொல்கிற சாட்டு என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டேன்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குப் போக உடுப்பு மாற்ற மாடிக்கு ஏறினீர்கள். மச்சாள் கீழே இருந்து தேத்தண்ணி ஆறுகிறது என்று கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். பிறகு அவர் ஏறிப் போனார். கட்டில் விளிம்பில், ஒரு காலில் மட்டும் காலுறை போட்டபடி, பக்கவாட்டில் சரிந்து கிடந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் இளம் பெண். உங்கள் இதயம் பல மாதமாகப் பெருத்துப் பலம் இழந்து போயிருந்தது என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். படுத்தால் மூச்சு முட்டியதா? நிமிர்ந்து இருந்து நித்திரை கொண்டாரா? கால் வீங்கியதா? கொஞ்ச வேலைக்கே களைத்தாரா? மச்சாளுக்காக நான்தான் மொழிபெயர்த்தேன். முதல் மூன்றுக்கும் ஓம் என்றேன். நாலாவது ஓமுக்கு அபியின் பக்கம் திரும்பினேன். அபி சொன்னாள்.

நெட்டையன் விஷயம் வெளியே வந்தது இலையுதிர்காலத்தில். அணிக்காரர் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் வைத்து அவனை ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தினார்கள். அபி குசினியில் தொலைபேசியில் பார்த்தாள், நான் அவள் தோளுக்கு மேலால் பார்த்தேன். இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்து உடைந்துவிட்டதாம், இடது பக்கம்தான் மோசமாம். ஒப்பந்தம் எழுதிச் சில மாதத்திலேயே அவனுக்குத் தெரியுமாம். ஊசி போட்டுக்கொண்டுதான் விளையாடியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று ஒரு நிருபர் கேட்டார். எட்டு வருடத்துக்கு என்னை நம்பிக் கையெழுத்து வாங்கியவர்களிடம் முதல் வருடமே ஏலாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்றான். இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்ததாம். இனி நடந்தால் போதும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்களாம்.

அபி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "அப்பா சொன்னவர், மாமி," என்றாள். அவ்வளவுதான். 

மாசியில் அவனுக்கு ஒரு பிரியாவிடை வைத்தார்கள். அபி டிக்கெட் எடுத்தாள், நானும் போனேன். அந்த ஆட்ட அரங்குக்கு நான் போனது அதுதான் முதல் தடவை, அண்ணா. ஐஸுக்கு மேல் கம்பளம் விரித்திருந்தார்கள். அவன் கோட்டும் சூட்டும் போட்டு, ஒரு கையில் ஊன்றுகோலுடன், மற்றக் கையை மனைவியின் தோளில் வைத்தபடி நடந்து வந்தான். முப்பத்து மூன்று வயது. எங்கள் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர் நடப்பது போல, ஒரு காலை வைத்து, பொறுத்து, மற்றக் காலை வைத்தான். சனம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. நிற்கவே இல்லை அந்தச் சத்தம். அழுதவர்களும் இருந்தார்கள்.

நானும் எழும்பினேன். அபி எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். குனிந்து அவள் முதுகைத் தடவினேன்.

"இப்ப எல்லாரும் நிக்கினம், மாமி. அண்டைக்கு அப்பாவோட ஒருத்தரும் நிக்கேல்லை. நானும் நிக்கேல்லை."

 வீட்டு முன்னால் பனியில் நான் சொன்னது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவளைத் தேற்றுகிறவள் மாதிரி நின்றேன்.

அதை என்னால் சுமக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மச்சாள் உங்கள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் போய் இருந்தேன். அன்று பனி வழித்தபோது நான் என்ன சொன்னேன் என்பதை, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மச்சாள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும், வதனி. யன்னலால கேட்டது."

"அண்ணா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"உள்ள வந்தவர். 'வதனி ரெண்டு முறை செய்து களைச்சு வந்திருக்கிறாள், சோத்தைச் சூடாக்கிக் குடும்' எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்லை."

நான் அன்று சாப்பிட்டேன், அண்ணா. கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். பசியில் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மச்சாள் என்னை மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. உங்கள் நீலச் சுவெற்றரை எடுத்து என் மடியில் வைத்தார், இது உனக்குக் குளிருக்கு ஆகும் என்றார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மிச்சத்தை மடித்தோம்.

இன்னும் ஒன்று. உங்களுக்கு வந்த இதய வருத்தம் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம், எல்லாரும் சோதித்துப் பாருங்கள் என்று அந்த வைத்தியர் அப்போதே சொன்னாள். அபிக்குப் பார்த்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம். நான்தான் இரண்டு தரம் திகதியைத் தள்ளிப் போட்டேன். தை மாதத்திலிருந்து மாடிப்படியின் நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறேன். யாராவது பார்த்தால் சுவரில் இருக்கிற படத்தை நேராக்குவது போலப் பாவனை செய்கிறேன். வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நேற்று இதையும், வருகிற வியாழக்கிழமை சோதனை இருப்பதையும் அபியிடம் சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, "வியாழக்கிழமை நான் கார் ஓடிறன், மாமி" என்றாள்.

அண்ணா, இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. அந்த நாளை இனித் தள்ளிப் போட மாட்டேன். எங்கே மூச்சு முட்டுகிறது, எத்தனையாவது படியில் நிற்கிறேன், எவ்வளவு நாளாக ஒளித்தேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுவேன், அவர்கள் கேட்காததையும் சேர்த்து. என்ன வந்தாலும் மச்சாளிடமும் அபியிடமும் முதலில் சொல்லுவேன். அவர்களில் யாராவது என்றைக்காவது முடியவில்லை என்று சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருப்பேன்.

நீங்கள் வளர்த்த ஒரே தங்கச்சி,
வதனி
ஸ்ரௌவ்வில்